கடைசல் பட்டறைக்கு ஏற்ற விளக்கு



ராயபுரத்திலிருந்து திருவொற்றியூர் வழியாக எண்ணூர் நோக்கிச் செல்பவர், சாலையின் இருமருங்கிலும் உள்ள சந்துகளிலிருந்து ஒருவகை ரீங்காரம் எழுவதைக் கேட்கலாம். லேத்து என்று நாம் வழங்கும் கடைசல் இயந்திரத்தின் ஒலி அது. வடசென்னை இயந்திரங்கள் நிறைந்த பகுதி. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856ஆம் ஆண்டில் ராயபுரம் நிலையத்திலிருந்துதான் வாலாஜா ரோடு நோக்கிப் புறப்பட்டது. 1948இல் தொடங்கப்பெற்ற அசோக் மோட்டார்ஸ் என்னும் நிறுவனம், 1955இல் அசோக் லேலண்ட் என்று பெயர் பெற்று எண்ணூரில் வளர்ந்தது. அதே பத்தாண்டில் திருவொற்றியூரில் என்பீல்டு மோட்டார் சைக்கிள் தொழிற்சாலை எழுந்தது. இத்தகைய பெரிய ஆலைகளைச் சுற்றிச் சிறு பட்டறைகள் பல தோன்றின. அவற்றுள் பெரும்பாலானவை இரும்பைக் கடைபவை. மரத்தைக் கடைபவையும் உண்டு. அரத்துக்கும் உளிக்கும் பிடி, கட்டில் கால், மாடிப்படியின் கைப்பிடித் தூண், பூரிக்கட்டை, இரும்பு வார்ப்பதற்கு வேண்டிய மர மாதிரி ஆகியவை அங்கே உருவாகின்றன.

தயிரைக் கடைவதற்கும் மரத்தைக் கடைவதற்கும் தமிழில் ஒரே வினைச்சொல் வழங்குவதைக் கவனித்திருக்கிறீர்களா? மத்தில் கயிற்றைச் சுற்றி மாறி மாறி இழுப்பது போலவே, பழைய கடைசல் பட்டறையில் சுழலும் தண்டின்மீது கயிற்றைச் சுற்றி ஒருவர் இழுப்பார். மற்றொருவர் உளி பிடிப்பார். திருநெல்வேலிச் சீமையில் அம்பாசமுத்திரம் இத்தொழிலுக்குப் பெயர் பெற்றது. நம் வீட்டுச் சிறுமிகள் வைத்து விளையாடும் சொப்புச் சாமான்கள் அவ்வூரில் கடைந்து அரக்கு வண்ணம் ஏற்றப்பட்டவை. கையால் இழுத்த காலத்தில் மரம் மெதுவாகச் சுழன்றது. பகல் வெளிச்சத்தில் வேலை நடந்தது. மின்மோட்டார் வந்தபின் மரம் நிமிடத்துக்கு ஆயிரம், இரண்டாயிரம் சுற்றுகள் சுழல்கிறது. வேலையும் கூரைக்குள் புகுந்து இரவிலும் தொடர்கிறது. வேகம் கூடிய அளவுக்கு வெளிச்சத்தைப் பற்றிய நம் எண்ணம் வளரவில்லை. கூரையில் ஒரு விளக்கைத் தொங்கவிட்டால் போதும் என்று பலர் இன்றும் கருதுகின்றனர்.

மரம் கடையும் இயந்திரத்துக்கு எப்படிப்பட்ட விளக்கு வேண்டும், அதை எங்கே வைக்க வேண்டும் என்பதே இன்றைய பேச்சு. பொருள் சிறியதாகத் தோன்றலாம். ஆனால் ஒரு தொழிலாளியின் கண்ணும் கைவிரலும் இதில் அடங்கியுள்ளன. உங்கள் பௌதிகப் பாடநூலில் ஒளி பற்றிப் படித்த விதிகள் பட்டறையில் எவ்வாறு உயிர் பெறுகின்றன என்பதையும் இதன் வழியே காணலாம்.

கடைசல்காரர் எதைப் பார்க்கிறார் என்று முதலில் கேட்போம். தச்சர் இழைக்கும்போது பலகை அசையாது கிடக்கும், இழைப்புளி நகரும். கடைசலில் மரம் சுழல்கிறது. உளி தாங்கியின்மீது கைப்பிடியில் நிற்கிறது. கடைபவர் ஒரே சமயத்தில் மூன்றைக் கவனிக்க வேண்டும். உளியின் முனை மரத்தைத் தொடும் இடம் ஒன்று. கடைந்த பரப்பு வழுவழுப்பாக இருக்கிறதா, இழை பிய்ந்திருக்கிறதா என்பது இரண்டு. பொருளின் வளைவும் நெளிவும் கருதியபடி அமைகின்றனவா என்று காட்டும் வெளிக்கோடு மூன்று. இம்மூன்றையும் கண் ஒன்றே அளந்தாக வேண்டும். அளவுகோலையும் விட்டமானியையும் இயந்திரத்தை நிறுத்திய பிறகே பயன்படுத்த முடியும். ஆகவே இங்கே ஒளியும் ஒரு கருவியே ஆகும். மழுங்கிய உளியால் நல்ல கடைசல் வராதது போலவே, பொருந்தாத ஒளியாலும் வராது.

எவ்வளவு ஒளி வேண்டும்? ஒரு பரப்பின்மீது விழும் ஒளியை லக்ஸ் என்னும் அலகால் அளக்கிறோம். ஒரு கேண்டலா ஒளிச்செறிவுடைய விளக்கு ஒரு மீட்டர் தொலைவில் நேராக எதிரே உள்ள பரப்பின்மீது தருவது ஒரு லக்ஸ். நண்பகல் வெயிலில் ஏறத்தாழ 1,00,000 லக்ஸ் இருக்கும். முழுநிலவின் ஒளி ஒரு லக்ஸுக்கும் குறைவு. நம் கண் இவ்விரண்டுக்கும் தன்னைப் பழக்கிக்கொள்கிறது. இருப்பினும் நுண்ணிய வேலைக்கு அதற்கு ஒரு குறைந்தபட்ச ஒளி தேவை. தொழிலிடங்களுக்கான ஐரோப்பிய ஒளியமைப்புத் தரநூல், மர இயந்திரங்களில் கடைதல், அறுத்தல் போன்ற வேலைகளுக்கு 500 லக்ஸ் வேண்டும் என்று குறிக்கிறது. வேலை செய்யும் இடத்தை ஒட்டிய சுற்றுப்புறத்தில் 300 லக்ஸாவது இருத்தல் வேண்டும் என்றும் அது சொல்கிறது. சுற்றிலும் இருளாக இருக்க, ஓரிடத்தில் மட்டும் ஒளி பாய்ந்தால் கண்ணின் பாவை மாறி மாறி விரிந்து சுருங்கிக் களைத்துவிடும்.

இந்த 500 லக்ஸைப் பெறப் பெரிய விளக்கு வேண்டும் என்று எண்ண வேண்டாம். ஒளியின் அடர்த்தி தொலைவின் வர்க்கத்துக்குத் தலைகீழ் விகிதத்தில் குறையும் என்பது நீங்கள் அறிந்த விதி. கீழ்நோக்கி 125 கேண்டலா தரும் ஒரு விளக்கை எடுத்துக்கொள்வோம். ஏறத்தாழ ஒன்பது வாட் எல்.இ.டி. குமிழ் ஒன்று இவ்வளவு தரும். அது மரத்துக்கு இரண்டு மீட்டர் உயரத்தில் தொங்கினால், 125ஐ 4ஆல் வகுத்து 31 லக்ஸ் அளவே கிடைக்கும். ஒரு மீட்டருக்கு இறக்கினால் 125 லக்ஸ். அரை மீட்டருக்குக் கொண்டுவந்தால், 125ஐ கால் பங்கால் வகுக்க 500 லக்ஸ் ஆகிவிடுகிறது. விளக்கு அதுவே, மின்செலவும் அதுவே, ஒளி மட்டும் பதினாறு மடங்கு ஆயிற்று. கூரையில் பெரிய விளக்குகளை மாட்டி மின்கட்டணம் செலுத்துவதைக் காட்டிலும், சிறு விளக்கொன்றை வேலைக்கு அருகே கொணர்வது சிக்கனமானது.

அருகே கொணர்வதற்கு நல்லதொரு சாதனம் 1932ஆம் ஆண்டிலேயே தோன்றிவிட்டது. இங்கிலாந்தில் மோட்டார் வண்டிகளின் வில் அமைப்புகளை வடிவமைத்த ஜார்ஜ் கார்வர்டைன் என்னும் பொறியாளர், விற்சுருள்களால் சமநிலைப்படுத்திய மடக்குக் கை ஒன்றை அவ்வாண்டு காப்புரிமை செய்தார். நம் முழங்கை மடங்குவது போல் அது மடங்கும். எங்கே விட்டாலும் அங்கேயே நிற்கும். அக்கையின் நுனியில் விளக்கைப் பொருத்தியதே இன்று மேசைகளிலும் பட்டறைகளிலும் காணும் மடக்கு விளக்கு. கடைசல் இயந்திரத்துக்கு இதுவே மிகவும் ஏற்றது. ஏனெனில் கட்டில் கால் கடையும்போது ஒளி வேண்டிய இடம் வேறு. கிண்ணத்தின் உட்புறம் குடையும்போது வேண்டிய இடம் வேறு. ஆனால் விளக்கின் அடியை இயந்திரத்தின்மீதே இறுக்கிவிடாமல் சுவரிலோ தனித் தூணிலோ பொருத்துவது நல்லது. இயந்திரத்தின் அதிர்வு விளக்கைத் தளர்த்திவிடும். நடுங்கும் ஒளியில் நுட்பம் தெரியாது.

அடுத்து, ஒளி எத்திசையிலிருந்து வர வேண்டும்? இக்கேள்வி ஒளியின் அளவைக் காட்டிலும் முக்கியமானது. நம் கடற்கரை கிழக்கு நோக்கியது. மணற்பரப்பு எஞ்சியுள்ள இடமாகப் பார்த்துச் சூரியன் உதிக்கும் வேளையில் நில்லுங்கள். நண்டு நடந்த தடமும் காற்று வரைந்த அலைக்கோடும் தெளிவாகத் தெரியும். ஒவ்வொரு மேட்டுக்கும் பின்னே நீண்ட நிழல் விழுவதே காரணம். அதே இடத்துக்கு நண்பகலில் வாருங்கள். ஒளி பன்மடங்கு பெருகியிருக்கும். தடங்களோ கண்ணுக்குத் தெரியா. மேலிருந்து நேராக விழும் ஒளி மேட்டையும் பள்ளத்தையும் ஒன்றாக்கிவிடுகிறது.

கடைந்த மரத்தின் பரப்பும் இத்தகைய மணற்பரப்பே. உளி விட்ட வளையங்கள், பிய்ந்த இழைகள், உப்புத்தாளின் கீறல்கள் ஆகியவை மிகச் சிறிய மேடுபள்ளங்கள். விளக்கைத் தாழ இறக்கிப் பக்கவாட்டில் வைத்து, ஒளி பரப்பின்மீது சாய்வாக உரசிச் செல்லுமாறு செய்தால் அவை நிழலிட்டுத் தம்மைக் காட்டிக்கொடுக்கும்.

என்னிடம் பௌதிகம் பயின்ற மாணவர் ஒருவர் திருவொற்றியூரில் வார்ப்பு மாதிரி செய்யும் சிறு பட்டறை வைத்திருக்கிறார். வார்ப்பு மாதிரி என்பது இரும்பில் வார்க்க வேண்டிய பொருளின் மர வடிவம். அதை மணலில் அழுத்தி எடுத்தால் அச்சு உண்டாகும். அவ்வச்சில் உருகிய உலோகத்தை ஊற்றுவார்கள். வார்ப்பிரும்பு ஆறும்போது ஏறத்தாழ நூற்றில் ஒரு பங்கு சுருங்குமாதலால், மாதிரியை அவ்வளவுக்குப் பெரிதாகச் செய்ய வேண்டும். உலோகத்தாலும் பிசினாலும் மாதிரி செய்யும் முறைகள் வந்துவிட்டபோதிலும் மர மாதிரியின் தேவை அற்றுவிடவில்லை. மாதிரியில் ஓர் உளித்தடம் இருந்தால் அது மணலில் பதியும்; மணலிலிருந்து ஒவ்வொரு வார்ப்பிலும் பதியும். அம்மாணவர் அனுப்பிய மாதிரிகள் இருமுறை திரும்பி வந்துவிட்டன.

"சார், உப்புத்தாள் போட்டு நன்றாகத் தேய்த்துத்தான் அனுப்புகிறோம். எங்கள் கண்ணுக்கு எந்தக் குறையும் தெரியவில்லை" என்றார் அவர்.

"விளக்கு எங்கே இருக்கிறது, தம்பி?" என்று கேட்டேன்.

அவருடைய பட்டறையில் ஒளிக்குப் பஞ்சமே இல்லை. கூரையில் நான்கு குழல் விளக்குகள் வரிசையாக எரிந்தன. நான்கு பக்கத்திலிருந்தும் ஒளி வந்து ஒன்றன் நிழலை மற்றொன்று அழித்துக்கொண்டிருந்தது. அவற்றுள் மூன்றை அணைத்துவிட்டு, ஒரு கைவிளக்கை மரத்துக்குப் பக்கவாட்டில் தாழப் பிடித்தோம். வழுவழுப்பாகத் தோன்றிய மாதிரியில் வளையம் வளையமாக உளித்தடங்கள் தெரிந்தன. இப்போது அவர் இரண்டு விளக்குகள் வைத்திருக்கிறார்: கூரையில் பொது ஒளி; அருகே மடக்குக் கையில் சாய்ந்த ஒளி. மாதிரியை அனுப்புமுன் இயந்திரத்தை நிறுத்தி, பொது ஒளியைக் குறைத்து, சாய்ந்த ஒளியில் ஒருமுறை பார்ப்பது அவருடைய வழக்கமாகிவிட்டது.

விளக்கின் இடத்தைப் பற்றி இன்னும் சில குறிப்புகள் சொல்கிறேன். விளக்கு கடைபவரின் முதுகுக்குப் பின்னே இருந்தால் அவருடைய நிழலே வேலையின்மீது விழும். ஆகவே அது இயந்திரத்தின் மறுபுறம், தலைக்குச் சற்று மேலே, அவர் கண்ணுக்கு நேராகத் தெரியாதபடி மூடியிட்டு இருக்க வேண்டும். கிண்ணம் குடையும்போது மட்டும் அதன் வாய்க்கு எதிரே, வலப்புறமாக இறக்கி, ஒளியை உள்ளே செலுத்த வேண்டும். உளியின் நிழல் உளிமுனையிலேயே வந்து கூடும்படி வைத்தால், முனை மரத்தைத் தொடும் கணம் தெளிவாகத் தெரியும். வெளிக்கோட்டைக் காண்பதற்கு வேறோர் உபாயம் உண்டு. இயந்திரத்துக்குப் பின்னே ஒரே நிறமான பலகையையோ துணியையோ தொங்கவிடுங்கள். வெளுத்த மரமாயின் கருமையான திரை. கருங்காலி, ஈட்டி போன்ற கரிய மரமாயின் வெண்மையான திரை. கருவிகள் நிறைந்த சுவரைப் பின்னணியாகக் கொண்டால், சுழலும் பொருளின் விளிம்பு அவற்றோடு கலந்து மறைந்துவிடும்.

கண்கூச்சம் என்பது மற்றொரு பகை. மூடியற்ற குமிழ் கண்ணுக்கு எதிரே தொங்கினால், எவ்வளவு ஒளி இருந்தும் வேலை இருளாகவே தோன்றும். பளபளப்பான எஃகுச் சக்கிலும், மெருகேறிய மரத்திலும் பட்டுத் திரும்பும் ஒளியும் இத்தகையதே. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் இதை உணர்ந்து, தன் 17ஆம் பிரிவில் போதிய வெளிச்சம் வேண்டும் என்பதோடு நிற்காமல், கண்கூச்சத்தையும், கண்ணுக்குக் களைப்போ விபத்தோ உண்டாக்கும் நிழலையும் தடுக்க வேண்டும் என்றும் விதித்தது. வயது முதிர்ந்தவர்களுக்கு இதில் கூடுதல் கவனம் தேவை. இருபது வயதுக் கண்ணின் விழித்திரையை எட்டும் ஒளியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே அறுபது வயதுக் கண்ணின் விழித்திரையை எட்டுகிறது. எனக்கு இது அன்றாட அனுபவம். அனுபவமிக்க முதிய தொழிலாளி அதிக வெளிச்சம் கேட்டால், அது அவருடைய பிடிவாதம் அன்று; அவருடைய கண் கேட்கும் நியாயம்.

இனி, கடைசல் இயந்திரத்துக்கே சிறப்பாக உரிய ஓர் அபாயத்தைச் சொல்கிறேன். இதைக் கவனமாகக் கேளுங்கள். நம் வீடுகளுக்கு வரும் மாறுதிசை மின்சாரம் வினாடிக்கு 50 முறை சுழல்கிறது. எண்ணூர் அனல்மின் நிலையம் 1970இல் மின்னுற்பத்தி தொடங்கி 2017இல் மூடப்படும்வரை, அங்கிருந்த சுழலிகள் நிமிடத்துக்கு 3,000 சுற்று வீதம் சுழன்றன. அதாவது வினாடிக்கு 50. அந்தச் சுழற்சிதான் மின்சாரத்தின் தாளமாக வெளிப்படுகிறது. ஒவ்வொரு சுழற்சியிலும் மின்னோட்டம் இருமுறை உச்சமடைந்து இருமுறை சுழியாவதால், சில விளக்குகள் வினாடிக்கு 100 முறை பிரகாசித்து 100 முறை மங்குகின்றன. நம் கண் அவ்வளவு விரைவைப் பிரித்தறியாது. ஒளி இடையறாது இருப்பதாகவே நமக்குத் தோன்றும்.

இப்போது ஒரு கணக்குப் போடுவோம். மரத்தைக் கவ்விப் பிடிக்கும் சக்கில் பெரும்பாலும் நான்கு தாடைகள் இருக்கும். அது நிமிடத்துக்கு 1,500 சுற்று, அதாவது வினாடிக்கு 25 சுற்றுச் சுழல்கிறது என்போம். விளக்கு வினாடிக்கு 100 முறை ஒளிர்கிறது. ஆகவே இரண்டு ஒளிர்வுகளுக்கு இடையே சக் சரியாகக் கால் சுற்றுச் சுழலும். ஒரு தாடை இருந்த இடத்தில் அடுத்த தாடை வந்து நிற்கும். நான்கும் ஒரே தோற்றமுடையவை. விளைவு என்ன? சுழலும் சக் அசையாது நிற்பதாகக் கண்ணுக்குத் தோன்றும்! மூன்று தாடைச் சக்காயின் நிமிடத்துக்கு 2,000 சுற்றில் இதே மயக்கம் உண்டாகும்.

மோட்டாரும் இதே மின்சாரத்தில் ஓடுவதால் இம்மயக்கத்துக்கு வாய்ப்பு மிகுதி. பட்டறைகளில் வழங்கும் நான்கு துருவ மோட்டாரின் வேகம் 1,500க்குச் சற்றுக் குறைவாக, ஏறத்தாழ 1,440 சுற்றாக இருக்கும். சக்கும் அதே வேகத்தில் சுழல்வதாகக் கொண்டால், அது வினாடிக்கு 24 சுற்று. ஓர் ஒளிர்வுக்கும் அடுத்ததற்கும் இடையே 90 பாகைக்குப் பதிலாக 86.4 பாகையே திரும்பும். ஒவ்வொரு முறையும் 3.6 பாகை பின்தங்கும். நூறு முறையில் 360 பாகை. ஆகவே முன்னோக்கி வினாடிக்கு 24 முறை சுழலும் சக், வினாடிக்கு ஒருமுறை மெல்லப் பின்னோக்கிச் சுழல்வது போலத் தோன்றும். திரைப்படத்தில் வண்டிச் சக்கரம் பின்னோக்கிச் சுழல்வதைப் பார்த்துச் சிரித்திருப்பீர்கள். அங்கே அது வேடிக்கை. பட்டறையிலோ, இயந்திரம் நின்றுவிட்டது, அல்லது நிற்கப்போகிறது என்று எண்ணி ஒருவர் கையை நீட்டினால் விரல் போய்விடும். காது இயந்திரத்தின் ஒலியைக் கேட்டு எச்சரிக்கும் என்பீர்கள். அருகருகே நான்கு இயந்திரங்கள் இரையும் கொட்டகையில், எது ஓடுகிறது, எது நின்றது என்று காதால் அறிய முடியாது.

எல்லா விளக்குகளும் இவ்வாறு துடிப்பதில்லை. பழைய இழை விளக்கின் கம்பி சூடு ஆறுவதற்குள் அடுத்த துடிப்பு வந்துவிடுவதால் அதன் ஒளி அதிகம் மங்குவதில்லை. இரும்புச் சோக்கு வைத்த குழல் விளக்கு நன்றாகத் துடிக்கும். மின்னணுச் சோக்கு வைத்தது வினாடிக்கு இருபதாயிரம் முறைக்கு மேல் இயங்குவதால் தீங்கில்லை. எல்.இ.டி. விளக்கில் உள்ளே இருக்கும் மின்சுற்றைப் பொறுத்தது. நல்ல மின்சுற்று நேர்மின்சாரத்தைச் சீராக்கித் தரும். விலை மலிந்த சிலவற்றில் அந்தச் சீர் இராது. இரும்புச் சோக்குக் குழல் விளக்குகளை மாற்ற இயலாத இடத்தில், அவற்றை மின்சாரத்தின் மூன்று பேஸ்களிலும் பிரித்து இணைத்தால், ஒன்று மங்கும்போது மற்றொன்று ஒளிரும்.

விளக்கு துடிக்கிறதா என்று எப்படி அறிவது? செலவில்லாத சோதனை ஒன்று சொல்கிறேன். இரவில் மற்ற விளக்குகளை அணைத்துவிட்டுச் சோதிக்க வேண்டிய விளக்கை மட்டும் எரியவிடுங்கள். தென்னந்துடைப்பத்து ஈர்க்கு ஒன்றில் சுண்ணாம்பு தடவி, கரிய துணிக்கு முன்னால் விசிறி போல விரைவாக அசையுங்கள். ஒளி சீரானதாயின் ஈர்க்கு ஒரே மங்கலான விசிறியாகத் தோன்றும். துடிப்புள்ளதாயின் தனித்தனியாகப் பல ஈர்க்குகள் நிற்பது போலத் தோன்றும். பம்பரத்தின் தலையில் வெள்ளைக் கோடுகள் போட்டுச் சுழற்றியும் இதைக் காணலாம். கைப்பேசிக் கேமராவை விளக்குக்கு நேராகக் காட்டினால், துடிக்கும் ஒளியில் திரைமீது பெரும்பாலும் கரும்பட்டைகள் ஓடும். பட்டறைக்கு விளக்கு வாங்குமுன் கடையிலேயே இவ்வாறு பார்த்துவிடலாம்.

நிறத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். தேக்கின் பொன்னிறமும் ஈட்டியின் கருஞ்சிவப்பும் உள்ளபடி தெரிய, ஒளியில் எல்லா நிறங்களும் இருத்தல் வேண்டும். இதை நிறங்காட்டும் குறியெண் என்று 100க்குள் அளக்கின்றனர். கடைசலுக்கு 80 போதும். வண்ணமும் மெருகும் ஏற்றுமிடத்தில் 90 இருப்பது நன்று. இவ்வெண் விளக்கின் பெட்டியில் அச்சிடப்பட்டிருக்கும்.

பகலொளி விலையின்றிக் கிடைப்பது, துடிப்பும் அற்றது. வடக்குச் சன்னலே பட்டறைக்குச் சிறந்தது என்று மேனாட்டு நூல்கள் சொல்லும். லண்டனுக்கு அது பொருந்தும். நாம் இருப்பது வட அட்சரேகை 13 பாகையில். ஏப்ரல் கடைசி வாரம் முதல் ஆகஸ்டு மூன்றாம் வாரம் வரை நண்பகற் சூரியன் நமக்கு வடக்கே செல்கிறது. ஜூன் மாதத்தில் உச்சியிலிருந்து 10 பாகை வடக்கே நிற்கும். ஆகவே இங்கே வடக்குச் சன்னலுக்கும் ஒரு நிழற்பலகை வேண்டும். கிழக்கே கடல் இருப்பதால், அத்திசைச் சன்னலில் காலை வெயிலும் நீரில் பட்ட ஒளியும் சேர்ந்து கண்ணைக் கூசச் செய்யும். எத்திசைச் சன்னலாயினும் கண்ணாடியில் மரத்தூள் படியவிடலாகாது. உட்புறமும் வெளிப்புறமும் துடைக்க வேண்டும் என்று நான் சொன்ன அச்சட்டமே கூறிற்று.

மரத்தூள் விளக்கின்மீதும் படியும். வாரம் ஒருமுறை துடைக்காவிட்டால் வாங்கிய ஒளி வீணாகும். மிகச் சூடேறும் ஹாலோஜன் விளக்கை மரத்தூளுக்கு அருகே வைத்தல் தீயை அழைப்பதாகும். எல்.இ.டி. விளக்கு அவ்வளவு சூடேறுவதில்லை. வடசென்னையின் உப்புக் காற்று இரும்புத் தகட்டை விரைவில் அரித்துவிடும். தூசியும் ஈரமும் புகாதபடி ஐ.பி. 65 என்று குறிக்கப்பட்ட பெட்டி விளக்குகள் இங்கே நெடுநாள் நிற்கும். உலோகக் கையுள்ள விளக்குக்கு எர்த் இணைப்பு இன்றியமையாதது. அதன் மின்கம்பி சுழலும் மரத்துக்கு எட்டாதபடி செல்ல வேண்டும். விளக்கையும் மோட்டாரையும் ஒரே பியூசில் இணைக்கக் கூடாது. மோட்டாரால் பியூஸ் போனால் விளக்கும் அணையும். மரமோ தன் வேகத்தால் சிறிது நேரம் இருளில் சுழன்றுகொண்டிருக்கும். மின்தடை ஏற்பட்டாலும் இதே நிலைதான். ஆகவே மின்கலத்தால் எரியும் சிறு விளக்கு ஒன்றும் அங்கே இருத்தல் நலம்.

உங்களுள் சிலர் தொழிற்பயிற்சி நிலையங்களுக்கும் பொறியியற் கல்லூரிகளுக்கும் செல்வீர்கள். சிலர் பட்டறைகளின் உரிமையாளர்களாவீர்கள். பல பட்டறைகளில் நல்ல வெளிச்சம் மூத்த தொழிலாளியின் இயந்திரத்துக்கே கிடைப்பதையும், புதிதாகச் சேர்ந்த பையன் இருண்ட மூலையில் நிற்பதையும் நான் கண்டிருக்கிறேன். வேலையை இன்னும் கற்றுக்கொள்ளாதவனுக்கு இருட்டு இரட்டிப்பு அபாயம். மடக்கு விளக்கு ஒன்றின் விலை, காயம்பட்ட ஒரு விரலுக்கான மருத்துவச் செலவுக்கு எத்தனையோ பங்கு குறைவு. நீங்கள் முதன்முதல் ஒரு கடைசல் இயந்திரத்தின் முன் நிற்கும் நாளில், சுவிட்சைப் போடுமுன் தலையைச் சற்று நிமிர்த்தி விளக்கைப் பாருங்கள். அது அருகே இருக்கிறதா, பக்கத்திலிருந்து வருகிறதா, கண்ணைக் கூசாமல் இருக்கிறதா, துடிக்காமல் நிற்கிறதா என்று நான்கு கேள்விகள் கேளுங்கள். நான்கில் எதற்கேனும் இல்லை என்று விடை வந்தால், தயங்காமல் மேற்பார்வையாளரிடம் சொல்லுங்கள்.